கொதிகலன் படத்துக்குக் கீழே ஒரு பெயர்

சிங்கப்பூருக்கு மால் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடலாம். போன மாதம் நான் திருச்சியில் விமானம் ஏறியது ஒரே ஒரு படத்தைப் பார்க்க. நான்கு மணி நேரம். போகவர இருபத்தோராயிரம் ரூபாய். வரைந்தவன் என் பள்ளித் தோழன் குமரேசன், துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டர். சிங்கப்பூர் ஆற்றில் ஒரு காலத்தில் ஓடிய நீராவிப் படகை வைத்து நடக்கும் கண்காட்சியில் உள்ளூர் ஓவியர்கள் ஆறு பேரின் படங்களோடு அவன் படமும் இடம்பெற்றிருந்தது. ஞாயிறு மட்டும்தான் விடுமுறை என்பதால் தன் படம் சுவரில் தொங்குவதை அவனே அதுவரை பார்த்திருக்கவில்லை.

கண்காட்சி தொடங்கிய பின் வந்த முதல் ஞாயிறு, காலை பத்தரைக்கு லிட்டில் இந்தியாவில் சந்தித்தோம். தோசை, காப்பி, இரண்டு பேருக்கும் பதினொரு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். (தோசை சுமார்தான்.) அங்கிருந்து கிளார்க் கீ இரண்டாவது ரயில் நிறுத்தம். பிறகு ஆற்றோரமாக எட்டு நிமிட நடை. பழைய கிடங்கு ஒன்றின் மாடி, அனுமதி இலவசம்.

ஆறு படங்களில் படகு வெளியிலிருந்து தெரிகிறது. புகை, கொடி, தொப்பி வைத்த துரைகள். அழகுதான். குமரேசன் மட்டும் படகின் வயிற்றுக்குள் இறங்கியிருந்தான். இரும்புத் தகட்டின் மேல் எண்ணெய் வண்ணம். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் இருவரின் முதுகு. அவர்கள் அள்ளாமல் எந்தத் துரையும் ஓரடி நகர்ந்திருக்க முடியாது.

கீழே அட்டை. மற்ற ஆறிலும் ஓவியரின் பெயர். இதில் 'வெளிநாட்டு ஊழியர் ஒருவர்'.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏற்பாட்டாளர் தேவி, அந்த ஊர் வழக்கப்படி 'லா' போட்டுப் பேசும் உள்ளூர்ப் பெண், ஓடி வந்தார்.

"சாரிண்ணா. பேர் போட்டா உங்க கம்பெனில ப்ராப்ளம் வரும்னு பயந்துட்டோம் லா. உங்க சேஃப்டிக்குத்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றான் குமரேசன். அதோடு விடவில்லை.

"யார்டுல நான் வெல்டு பண்ற ஒவ்வொரு எடத்துலயும் பக்கத்துல என் நம்பர எழுதணும்மா. விரிசல் விட்டா நேரா என்கிட்ட வருவாங்க. தப்புக்கு மட்டும் நான் வேணுமா?"

"மாப்ள, வொர்க் பெர்மிட்டு..." என்று இழுத்தேன். கோபப்படுவது எனக்குச் சுலபம். வேலை போனால் அவனுக்குத்தான் போகும்.

"சும்மா இருடா. திருச்சிலேருந்து வெளிநாட்டு ஊழியர் ஒருத்தரப் பாக்கவா வந்த?"

தேவி புது அட்டையும் பேனாவும் கொண்டுவந்தார். "எழுதுங்கண்ணா. நாளைக்குப் பிரிண்ட் பண்ணி ஒட்டிடறேன்."

வெ. குமரேசன் என்று எழுதினான். "பிரிண்டெல்லாம் வேணாம்மா. இது போதும்."

பிறகு ஒரு சீன முதியவர் வந்து, யார் வரைந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். இவன் அட்டையைக் காட்டவில்லை. நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

அந்த ஊர்க் கட்டடங்களை அண்ணாந்து பார்த்து, நம்ம ஆளுங்க கட்டினது என்று பீற்றிக்கொள்கிறோம். எந்த ஆள் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்லத் தெரியாது.

கண்காட்சி இந்த மாதக் கடைசி வரை, பதினொன்றிலிருந்து ஏழு மணி வரை. திங்கள் விடுமுறை. முடிந்தால் ஞாயிறு போங்கள். கொதிகலன் படத்தைப் பற்றிக் கேட்க ஏதாவது இருந்தால் வரைந்தவனிடமே கேட்கலாம், பக்கத்தில்தான் நிற்பான்.