நாய் இல்லீங்க

என் ஆத்தாவுக்கு இடது விலாவுக்குக் கீழே ஒரு கட்டி இருந்தது. இலுப்பூர் கம்பவுண்டர் அதை மலேரியாக் கட்டி என்று சொல்லிக் கசப்பு மருந்து கொடுத்தார். தொட்டுப் பார்க்கவில்லை. எங்களுக்குச் செம்மறி ஆட்டுப் பிழைப்பு. உரத்துக்காக வயல் வயலாக ஆட்டுக் கிடை போடுகிறவர்கள். நாற்றம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். பிறகு ஊர்க்காரர் ஒருவர் கம்பியைக் காய்ச்சிச் சூடு போட்டார். புண் ஆறியது. கட்டி வளர்ந்தது.

ஆத்தாவால் குனிய முடியாமல் போன பிறகுதான் அப்பா புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். என்னை விட்டுப்போக ஆள் இல்லை. நானும் போனேன்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். படம் எடுக்கச் சொன்னார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முட்டை ஓடு மாதிரி ஒரு வட்டம் தெரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஆடு வச்சிருக்கீங்களா? நாய் இருக்கா?"

அப்பா முகம் சுருங்கிவிட்டது. இவரும் தள்ளி நிற்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்துவிட்டார்.

"ஆடு இருக்குங்க. நாய் இல்லீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் நாய் இல்லாவிட்டால் நரி ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட விட்டுவைக்காது. அதை இல்லை என்கிறாரே.

"பொய்யி. இருக்கு. எங்கூடத்தான் படுக்கும்" என்றேன்.

அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார். டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைய அடிக்காதீங்க. இது நாய்ட்டருந்து வர்ற பூச்சி. ஈரல்லதான் கட்டும். இவங்களுக்கு மண்ணீரல்ல கட்டியிருக்கு. நான் பாத்ததே இல்ல."

மண்ணீரலோடு அறுத்து எடுத்தார்கள். அப்பாவுக்குக் காட்டினார்களாம். தேங்காய் அளவு இருந்ததாம். உள்ளே தெளிந்த தண்ணீர். ஆட்டு ஈரலில் நீர்க்குமிழி வருமே, அதேபோல என்று ஆத்தாவிடம் சொன்னார். சொன்னாரே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஆத்தா பிழைத்தாள். வீடு திரும்பிய அன்றே அப்பா தடியை எடுத்துக்கொண்டு நாயைக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார். தனியாகத் திரும்பி வந்தார். நான் உண்மையைச் சொன்னதற்கு நாயைக் கொன்றுவிட்டார் என்றே நினைத்தேன். அவரோடு பேச்சை விட்டேன்.

இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. நாயிடமிருந்து வரும் என்றார்கள். நாய்க்கு எதிலிருந்து வருகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆட்டுக்காரனுக்கு அது போதும் என்று விட்டுவிட்டார்கள். ஆட்டு ஈரலில் இருக்கும் அந்த நீர்க்குமிழியைத் தின்றுதான் நாய்க்குப் பூச்சி பிடிக்கிறது. கால்நடை ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் இதைச் சொல்லும்போது எனக்குத் தலை நரைத்துவிட்டது.

அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. நாய் போன பிறகு நரி ஆட்டுக்குட்டிகளைத் தூக்கியது. அப்பா புதிதாக ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தார். அடுத்து கிடா வெட்டியபோது, ஈரலில் குமிழி வைத்திருந்த துண்டை எப்போதும்போல அறுத்து அதற்கு எறிந்தார். அது எம்பிக் காற்றிலேயே கவ்வியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் அவரோடு பேசினேன்.

"இன்னொண்ணு போடுங்கப்பா."