அஸ்வானுக்கு இரண்டு டிக்கெட்

இதை நான் யாருக்கும் நிரூபிக்க முடியாது. ஆனால் நடந்தது. இரவில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே தள்ளிவிட்டிருப்பேன். நடந்தது பட்டப்பகலில், எகிப்தின் லக்சரில், நைலின் மேற்குக் கரையில், போன நவம்பர் பதினான்காம் தேதி. நேரங்கள் எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன. இதை எழுதும் முன் மூன்று முறை சரிபார்த்தேன். நான்காவது முறையும் பார்க்கத் தோன்றுகிறது.

என் பெயர் ரிஹாம். ஊர் தன்தா. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாரத்தில் நான்கு நாள் பழைய எகிப்திய எழுத்து கற்கும் மாலை வகுப்பு. அங்கே ஒரு பழக்கம் உண்டு. நோட்டின் இடது பக்கம் கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். வலது பக்கம் மனத்தில் நினைத்ததை எழுத வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது. படித்த எழுத்தைச் சுவரிலேயே பார்த்துவிட வேண்டும் என்று பத்து நாள் விடுப்பு எடுத்து, வாழ்க்கையில் முதல் முறையாகத் தனியாகக் கிளம்பினேன்.

கெய்ரோவில் ஏறிய ரயிலில் எதிர் இருக்கையில் ஷாஹிந்தா இருந்தாள். அலெக்ஸாண்ட்ரியாக்காரி. அவளும் தனியாகத்தான் வந்திருந்தாள். எங்கள் தன்தாவுக்குப் பேர்போன கொண்டைக்கடலையை நீட்டினேன்.

"எத்தனை எடுத்துக்கலாம்? நீ எண்ணி வச்சிருப்பியே" என்றாள்.

"எண்ணல."

"பொய். உன் மூஞ்சியே எண்ணின மூஞ்சிடி."

எண்ணவில்லைதான். ஆனால் சிரித்தேன். எனக்குச் சிநேகிதிகள் கிடையாது. வகுப்பில் எல்லோரும் என் நோட்டைத்தான் கடன் வாங்குவார்கள். இவள் நோட்டைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். அபிதோஸ், தெந்தரா, கர்னாக் கோயில்கள்... நான்கு நாள் ஒன்றாகவே சுற்றினோம். நான் சுவரில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். தப்பாகப் படித்தாலும் அவள் "சரிதான்" என்பாள்.

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் அவளுக்குத் தெரியாமல் அஸ்வானுக்கு இரண்டு ரயில் டிக்கெட் எடுத்தேன். பதினைந்தாம் தேதிக் காலை வண்டி. மேற்குக் கரை பார்த்து முடித்ததும், "சேர்ந்தே போலாமா?" என்று கேட்க வேண்டும். இதற்கு அவள் என்ன சொல்வாள் என்பதுதான் அன்று முழுக்க என் கவலை.

மறுநாள் காலை 6.50. படகுத்துறை. ஷாஹிந்தா எனக்கு முன்னால் இறங்கிவிட்டாள். நான் பலகையில் கால் வைத்தபோது எனக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணும் இறங்கினாள். எங்களைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். சாம்பல் நிற முக்காடு. ஷாஹிந்தா திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்ணுக்கு ஷாஹிந்தாவின் புருவம், ஷாஹிந்தாவின் தாடை. மாமா பெண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யாரென்று கேட்கவில்லை. கேட்டால் பொறாமைக்காரி என்று தெரிந்துவிடும். 'பொறாமை' என்று வலது பக்கத்தில் எழுதி, அடித்துவிட்டு, திரும்பவும் எழுதினேன்.

பின்னால் பெஞ்சு போட்ட பெட்டி வண்டியில் ஏறினோம். அவர்கள் இருவரும் ஒரு பக்கம், நான் எதிரில். ஷாஹிந்தா அவளிடம் பேசிக்கொண்டே வந்தாள். குளிருகிறதா, கால் வலிக்கிறதா என்று ஓயாமல் விசாரிப்பு. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நடுவே என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் ஒரு கணக்கு இருந்தது. என்னிடம் இருப்பதில் எதை எடுக்கலாம் என்று பார்ப்பது போல.

12.10. சாப்பாடு. அவரை வடையும் ரொட்டியும். ஷாஹிந்தா தன் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவளுக்குக் கொடுத்தாள். எழுந்திருக்கும்போது பார்த்தேன். அந்தப் பாதி ரொட்டி பாறை மேலேயே கிடந்தது. கடித்த தடம் இல்லை. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

2.35. மலைச்சரிவில் ஒரு சின்னக் கல்லறை. அதன் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே காவல் இருக்கும், எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடும் பகீத்துக்குத் தொல்லை வரக் கூடாது. அவர் எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். இரண்டு கோப்பை.

"தன்தாப் பொண்ணா? கடலை எங்க?" என்றார்.

"இவ ஊருக்கே எண்ணிக் குடுத்துட்டா சித்தப்பா" என்றாள் ஷாஹிந்தா.

"அலெக்ஸாண்ட்ரியாக்காரி வாய் கடலைவிட நீளம். ரெண்டு பேரும் குடிங்க. ஆறிடும்."

ரெண்டு பேரும். மூன்றாமவள் அங்கேதான் நின்றாள், அவர் தோளுக்குப் பின்னால். அவளுக்கு ஏன் தேநீர் இல்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவர் அவளை ஒதுக்கிவிட்டார் என்று உள்ளுக்குள் இனித்தது. ஷாஹிந்தா தன் கோப்பையை அவளிடம் நீட்டினாள். இனிப்பு போய்விட்டது.

2.50. உள்ளே இறங்கினோம். செங்குத்தான படிகள். முன்னால் ஷாஹிந்தா, அவள் கையைப் பிடித்தபடி அந்தப் பெண், பின்னால் நான். பகீத் சித்தப்பா வாசலிலிருந்து கண்ணாடி ஒன்றால் வெயிலைத் திருப்பி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது படியில் ஷாஹிந்தா தடுக்கி விழுந்தாள். முழங்கால் கல்லில் மோதும் சத்தம் கேட்டது.

எங்கள் ஊரில் யாராவது விழுந்தால் கூட இருப்பவர் உடனே ஒன்று சொல்ல வேண்டும். 'அல்லாஹ் பேரு உன் மேல, உன் கூடப்பிறந்தவ மேலயும்.' ஒவ்வொருவருக்கும் மண்ணுக்கு அடியில் ஒரு கூடப்பிறப்பு உண்டு, நாம் விழுந்தால் அதற்கும் அடிபடும், பெயர் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளும் என்பார்கள். யாரும் அதை யோசித்துச் சொல்வதில்லை. தும்மல் மாதிரி தானாக வரும்.

எனக்கும் வந்தது. "அல்லாஹ் பேரு உன் மேல..." என்றேன்.

அந்தப் பெண் ஷாஹிந்தாவை அணைத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். நான் தூக்கியிருக்க வேண்டியது. அவள் கன்னம் ஷாஹிந்தாவின் கன்னத்தோடு ஒட்டியிருந்தது.

கூடப்பிறந்தவ மேலயும் என்ற மிச்சம் என் நாக்கில் நின்றது. இவளைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல மனம் வரவில்லை. விழுங்கிவிட்டேன்.

வேண்டுமென்றேதான். இதை இடது பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். அன்று முதல் முறையாகப் பேசினாள்.

"என்னை விட்டுட்ட."

குரல் அவள் வாயிலிருந்து வரவில்லை. படிகளுக்குக் கீழேயிருந்து வந்தது.

அதே நேரம் வெயில் நின்றது. பகீத் சித்தப்பா கண்ணாடியை நகர்த்திவிட்டார் போல... முழு இருட்டு.

டக்.

கல்லில் ஏதோ தட்டியது.

டக்... டக்...

எனக்குக் கீழே. அப்புறம் எனக்குப் பக்கத்தில். அப்புறம் என் காலுக்கு அடியில், படிக்கல்லின் மறுபக்கத்திலிருந்து.

"ஷாஹிந்தா?"



என் கையை யாரோ பிடித்தார்கள். சில்லென்று இருந்தது. அந்த விரல்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவின.

எண்ணுவது போல...

வெளிச்சம் வந்தது. 2.58. ஷாஹிந்தா பத்துப் படி கீழே, சுவர் ஓவியத்தைப் பார்த்தபடி நின்றாள். அந்தப் பெண் அவள் பக்கத்தில் இருந்தாள். என் பக்கத்தில் யாரும் இல்லை.

நான் மேலே ஓடிவந்துவிட்டேன். பகீத் சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"யாராவது விழுந்தாங்களா?"

"ஷாஹிந்தா."

"பேரு சொன்னியா?"

"சொன்னேன்."

"முழுசா?"

அவர் கண்ணாடியைத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

"வீட்டுக்குப் போங்க ரெண்டு பேரும்" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். இருட்டில் பயந்திருப்பேன். கல்லில் எலி தட்டியிருக்கும். கையைப் பிடித்தது ஷாஹிந்தாவாக இருக்கும். இவ்வளவு யோசித்தும் மனத்தில் மிஞ்சியது ஒன்றுதான். படகில் அவர்கள் இருவரும் ஒரே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது என் சால்வை.

விடுதியில் 7.15க்கு ஷாஹிந்தாவின் அறைக் கதவு வரை போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம். கதவைத் தட்ட ஓங்கிய கையை இறக்கினேன். என் அறைக்கு வந்து ஒரு தாளில், 'நீங்க ரெண்டு பேரும் போங்க' என்று எழுதினேன். இரண்டு டிக்கெட்டையும் அதில் மடித்து அவள் கதவுக்கு அடியில் தள்ளினேன். ரோஷத்தில் செய்தது. அவள் ஓடிவந்து, "நீ இல்லாமலா?" என்று கேட்பாள் என்று இரவு முழுக்க விழித்திருந்தேன்.

வரவில்லை. காலையில் அறை காலி. நான் தன்தாவுக்குத் திரும்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, பத்தொன்பதாம் தேதி இரவு 8.36க்குத் தொலைபேசி அடித்தது. ஷாஹிந்தா.

"என்னடி, வயிறு சரியாச்சா?"

"என் வயித்துக்கு என்ன?"

"உனக்கு முடியல, அதான் நீ உன் டிக்கெட்டைத் தனக்குக் குடுத்துட்டதா உங்க அக்கா சொன்னாங்களே."

"யாரு?"

"உங்க அக்காடி. படகுல உன் பை வாரைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இறங்கினாங்க. அச்சு உன் கண்ணு, உன் மூக்கு. நீ அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலை. வீட்டுச் சண்டை போலன்னு நானும் கேட்டுக்கலை. பாவமா இருந்துச்சு. உன் அக்காவாச்சேன்னுதான் சாப்பாடு குடுத்தேன், கையைப் பிடிச்சு நடந்தேன். எல்லாம் உனக்காகத்தான்."

உட்கார்ந்தேன்.

"ஷாஹிந்தா. நான் எங்க அம்மாவுக்கு ஒரே பொண்ணு. எனக்கு அக்கா கிடையாது."

எதிர்முனையில் காற்றுச் சத்தம். தண்ணீர்ச் சத்தம். பதினோரு வினாடி.

பிறகு, வாய்க்கு மிக அருகில் தொலைபேசியை வைத்துக்கொண்டு பேசுவது போல இன்னொரு குரல்.

"இருக்கேனே."

8.41. துண்டித்துவிட்டது.

அதற்குப் பிறகு ஷாஹிந்தா என்னிடம் பேசவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நன்றாகத்தான் இருக்கிறாள். கோம் ஓம்போ, அபூ சிம்பல் என்று படங்கள் போட்டுக்கொண்டே இருக்கிறாள். எல்லாப் படத்திலும் அவள் மட்டும்தான். யார் எடுத்தது என்று தெரியவில்லை. விடுப்பு முடிந்தும் ஊர் திரும்பவில்லை என்று அவள் அண்ணன் தொலைபேசியில் என்னிடம் கேட்டார். யாரோடு இருக்கிறாள் என்றும் கேட்டார்.

"உன்னோட இருக்கேன்னுதான் சொல்றா. இதே குரல்ல நீயே ரெண்டு தடவை எங்கிட்ட பேசினியே" என்றார்.

பயந்துபோனேன். பொய்யில்லை.

ஆனால் நேற்று வந்த படத்தில் அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, யார் பேச்சையோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ரயிலில் என்னிடம் அப்படித்தான் சிரித்தாள். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தை மட்டும் நான் குறித்துக்கொள்ளவில்லை.