தீபாவளிக் கோழியும் மூன்று வாரப் பட்டினியும்

எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது. சமையலறையில் இது எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அது இரண்டு மலைப்பாம்புகளுக்காகக் கப்பலேறி வந்தது.

போர்ட் பிளேயரில் எங்கள் ஆபீசர், மெயின்லேண்டிலிருந்து ஒரு ஜோடி மலைப்பாம்பைக் கொண்டுவந்து ஆபீஸ் அறையொன்றில் வைத்திருந்தார். நான் ஸ்டோர் கீப்பர். தீனி போடுவதும் என் தலையில் விழுந்தது. குளிர்காலம் கழிந்தால்தான் அவை இணை சேருமாம். இங்கே மார்கழியிலும் வேர்க்கும். அதனால் மீனுக்குப் போடும் ஐஸை வாங்கி, மரத்தூளில் புதைத்து, அறையைச் சிறுகச் சிறுகக் குளிரவைத்து இரண்டு மாதம் அப்படியே வைப்பது என்று ஏற்பாடு. மே மாதக் கப்பலில் அவருக்கு மாற்றல். அதற்குள் முட்டையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நாள் எண்ணி வைத்திருந்தார். ஒன்றில் மட்டும் கண்டிப்பு: குளிர் தொடங்குவதற்கு முன் மூன்று வாரம் தீனி கூடாது. வயிற்றில் கிடப்பது குளிரில் செரிக்காமல் அழுகிப் பாம்பைக் கொன்றுவிடும்.

நடுவில் தீபாவளி வந்தது. எங்கள் ராமநாதபுரத்து வீட்டில் நல்ல நாளில் மாட்டுக்கு வைக்காமல் யாரும் வாய் நனைக்க மாட்டோம். அடுப்பில் கறி கொதிக்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. ஆளுக்கொரு கோழி என்று கொண்டுபோனேன். ஆண் பாம்பு சீண்டவில்லை. பெட்டை விழுங்கிவிட்டது.

நாலாம் நாள் ஐஸ் வண்டி வந்து நின்றது. சொன்னால் அவர் எண்ணிவைத்த நாள் தவறும். சொல்லாவிட்டால் பாம்பு செத்துப்போகும். வண்டிக்கார வங்காளி, "பரஃப் கல் ரஹா ஹை, ஜல்தி கரோ" என்று உருகும் ஐஸைக் காட்டி அவசரப்படுத்தினான். நான் சொல்லிவிட்டேன்.

ஆபீசர் அறைக்குள் போய்ப் பெட்டையைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "பெரிய கோழியாய்யா?" என்றார்.

"கனமான கோழிதான் சார். நல்ல நாளும் அதுவுமா பட்டினியா கெடக்குதேன்னு..."

"அதுக்குத் தீபாவளின்னு யாருய்யா சொன்னா? வண்டியத் திருப்பி அனுப்பு."

மற்றதெல்லாம் அவர் எழுதிவைத்தபடியே நடந்தது, மூன்று வாரம் தள்ளி. மே மாதம் பெட்டை வயிறு பருத்துச் சுருண்டு கிடந்தது. ஒரு தரம் பார்த்துவிட்டு, தெர்மாமீட்டரை என் கையில் கொடுத்துவிட்டு கப்பல்துறைக்குப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கப்பல் போன பதினோராம் நாள் அது முட்டையிட்டது. எண்ணிப் பார்த்து எழுதிப் போட்டேன். முட்டை என்ன நிறம், ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா, பெட்டை எப்படிச் சுற்றிப் படுத்திருக்கிறது என்று இரண்டு பக்கம் கேட்டுப் பதில் வந்தது. நேரில் பார்த்திருந்தால் கேட்க வேண்டியிராது. கடைசி வரியில், கோழிக்காக வருத்தப்படாதே என்று எழுதியிருந்தார்.

இன்று தீபாவளி. தெர்மாமீட்டர் இருபத்தொன்பது காட்டுகிறது. அவர் சொன்னதில் அந்த ஒன்றைத்தான் இன்னும் என்னால் செய்ய முடியவில்லை.