சதுரங்கப்பட்டினத்தில் நான் பேசினேனாம்

இந்த மாதிரி விஷயங்களை நம்புகிற ஆள் இல்லை நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்து முடித்ததும் நீங்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவீர்கள். செங்கல்பட்டில் மாவு மில் வைத்திருக்கிறேன். அரைக்கக் காத்திருக்கும் பெண்கள் பேய், முனி என்று ஏதாவது பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். மிஷின் ஓடுகிற சத்தத்தில் எனக்கு வாய் அசைவது தெரியும், வார்த்தை விழாது. அதனால் நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கிற நிலைமையே எனக்கு வந்ததில்லை.

அந்தத் தொழில் எனக்குப் பிடித்ததே அந்தச் சத்தத்துக்காகத்தான். தூக்கை நீட்டுவார்கள், உள்ளே இருப்பது அரிசியா கோதுமையா என்று பார்த்து நானே போட்டுவிடுவேன், பேச வேண்டியதில்லை. எனக்குக் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதற்கு வீட்டுக் கஷ்டம்தான் காரணம் என்றாலும், ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போய்ப் புது வாத்தியாரிடம் பேர் சொல்ல வேண்டும் என்பதும் ஒரு காரணம். எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

என் மகள் கவிதா படூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே வேலை பார்க்கும் ஒரு பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது, அவனுக்கும் பிடித்துவிட்டது, பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் ஏகாம்பரம்தான் வளர்த்தவர், வேடந்தாங்கல் பக்கம் நெல் போடுகிறவர், அவர் சொன்னால்தான் அந்த வீட்டில் எதுவும் நடக்கும். அவர் எங்கள் வாசலில் வந்து நின்றபோது எதிரில் நின்றது நான். "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அவர் மீசையைப் பார்த்தேன், திரும்பி உள்ளே போய் நாற்காலி எடுக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் நாற்காலி ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

அவர் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பையனின் அம்மா மறுநாள் என் மனைவிக்குப் போன் செய்தார். "அண்ணனுக்கு மனசு ஆறல. வாசல்ல வந்து நின்னவன வாங்கன்னு கூப்பிடாத வூட்ல எப்பிடிப் பையனக் குடுக்கறதுன்னு கேக்கறாரு." கவிதா அன்று சாப்பிடவில்லை. என்மேல் கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை. என் தட்டில் சாதம் போட்டுவிட்டு அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

என் மனைவி மல்லிகாதான் யோசனை சொன்னாள். "அந்த அம்மா பேச்சுவாக்குல சொல்லிச்சு, இவ்ளோ பக்கத்துல இருந்துகினு இன்னும் கடல்கரையப் பாத்ததில்லியாம் அவங்க. கார எடுத்துகினு அந்த அம்மா, அவங்க அண்ணன், அண்ணி மூணு பேரையும் ஒரு சுத்து இட்டுகினு போலாம். மகாபலிபுரம், அப்பால அந்தச் சதுரங்கப்பட்டினம் கோட்டை. அந்த ஆளு முன்சீட்ல குந்துவாரு. ஓடற கார்லேர்ந்து நாற்காலி எடுக்கப் போறேன்னு நீங்க எறங்கி ஓட முடியாது."

கார் என் மச்சானுடையது. ஓட்டுவதில் பிரச்சினை இல்லை, ஒரு காலத்தில் லோடு ஆட்டோ ஓட்டியிருக்கிறேன். வழிதான் பிரச்சினை, அதாவது வழி கேட்பது. திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்க் கடலோரமாகக் கீழே இறங்கித் திரும்புவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. ஆனால் வண்டியை எங்கே நிறுத்துவது, எங்கே சாப்பிடுவது, பெண்களுக்குக் கழிவறை எங்கே, இதையெல்லாம் ஏகாம்பரம் பக்கத்தில் இருக்கும்போது நான் யாரிடமாவது கேட்க நேர்ந்தால் கல்யாணம் அங்கேயே முடிந்தது. கவிதா போனில் வழி காட்டும் ஏற்பாட்டைப் போட்டுக் கொடுத்தாள். அதில் பேசுகிற அம்மா வலது பக்கம் திரும்பச் சொன்னால் நான் "சரிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன், அவ்வளவு மரியாதை. அதையும் நம்பாமல், ஞாயிற்றுக்கிழமை போவதற்கு முன்னால் வியாழக்கிழமை மில்லுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுத் தனியாக ஒரு ஒத்திகை போய் வருவது என்று முடிவு செய்தேன்.

மாமல்லபுரத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மெஸ் கண்ணில் பட்டது. அதற்கு முன் நான் அங்கே கால் வைத்ததில்லை, இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். "ஞாயித்துக்கிழமை அஞ்சு பேர் வர்றோம்" என்ற வாக்கியத்தைக் காரிலேயே பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனேன். கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா அண்ணாத்த, ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லிட்டு இன்னிக்கே வந்துகினு கீற? அஞ்சு எல, ஜன்னலாண்ட எடம், ஒருத்தருக்கு மட்டும் மீனு ஆவாது, கத்திரிக்கா காரக்கொழம்பு தனிச் சட்டில. எல்லாம் நெனப்புல கீது, நீ போ."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், நான் இதற்கு முன் வந்ததே இல்லையே என்று சொல்லியிருப்பார்கள். அதைச் சொன்னால் அவர் ஏதாவது கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என்னைப் போலவே முகம் இருக்கிற யாரோ வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே சதுரங்கப்பட்டினத்துக்கு ஓட்டினேன். ஆனால் அவர்களும் ஐந்து பேர், அவர்களும் ஞாயிற்றுக்கிழமை. சரி, உலகத்தில் நடக்கக்கூடியதுதான். கோட்டை வாசலில் பீரங்கிகளுக்கு எதிரே ஒரு அம்மா மாங்காய் பத்தை போட்டு மிளகாய்த்தூள் தூவி விற்றுக்கொண்டிருந்தார். நான் காரை விட்டு இறங்கியதும், "நேத்து அந்தப் பேச்சு பேசிட்டு இன்னிக்கு இன்னா, வாயில கொழுக்கட்டையா வெச்சிகினு கீற?" என்றார்.

நேற்று நான் வரவில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். "மாங்கா எவ்வளவுங்க" என்றுதான் வாயில் வந்தது.

"உன்னாண்ட துட்டு வாங்குவனா? பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிக்கை வெக்கிறேன்னல்ல, அத மறந்துடாத. அது சரி, நேத்து அந்தக் கோடு போட்ட சட்ட உனக்கு அம்சமா இருந்துச்சு. இன்னிக்கு ஏன் இந்த மாவுச் சட்டையப் போட்டுகினு வந்த?"

மாங்காயோடு காருக்குத் திரும்பினேன். கோடு போட்ட சட்டை ஒன்று எனக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்காக மல்லிகா வாங்கியது. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து பார்த்தேன், கவருக்குள் குண்டூசிகூடக் கழற்றாமல் அட்டையோடு அப்படியே இருந்தது.

மல்லிகாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"உங்களாட்டமே மூஞ்சி. ஆனா வாயத் தொறந்து பேசறான்."

"ஆமாம்."

"இத்தினி வருசமா அவனத்தான் நான் தேடிக்கினு கீறேன். கண்டா வூட்டுக்கு இட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின நாள் முழுக்க மிஷின் சத்தத்தின் மறைவில் "வாங்க, வாங்க" என்று சொல்லிப் பழகியிருந்தேன், காத்திருந்த பெண்கள் என் வாய் அசைவதைப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏகாம்பரத்தின் ஊருக்குப் போய் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கினேன். அவர் உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் நின்றார். இந்த முறை விடக்கூடாது என்று கையைக் கூப்பிக்கொண்டு நல்ல சத்தமாக "வாங்க" என்றேன்.

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். பிறகு தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "என் வூட்டு வாசல்ல நின்னுகினு என்னையே வாங்கன்றாரு."

பின்சீட்டில் மல்லிகா, பையனின் அம்மா, ஏகாம்பரத்தின் மனைவி. முன்சீட்டில் அவர், கையைக் கட்டிக்கொண்டு. திருக்கழுக்குன்றம் வரும்வரை போன் அம்மாவின் குரல் மட்டும்தான். மலை தெரிந்ததும் ஏகாம்பரம் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "அந்தப் பொம்பளையாவது பேசுது." பின்னால் மல்லிகா என் சீட்டை முழங்காலால் ஒரு இடி இடித்தாள். நான் கியரை மாற்றினேன்.

கடற்கரைக் கோயிலைச் சுற்றி வந்தோம். பெண்கள் அலையில் கால் நனைத்தார்கள், அவர் கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்தார், நான் இரண்டடி பின்னால் குடையோடு போனேன். பிறகு மெஸ். ஜன்னல் ஓரத்தில் ஐந்து இலை போட்டுத் தயாராக இருந்தது. நாலு இலைக்கு மீன் குழம்பு வந்தது. ஏகாம்பரம் இலைக்குக் கத்திரிக்காய்க் காரக்குழம்பு, தனிச் சட்டியோடு.

அவர் கை அப்படியே நின்றது. "எனக்கு மீனு ஆவாதுன்னு யாரு சொன்னது?"

"இவருதான் முன்னாடியே வந்து சொல்லிட்டுப் போனாரு" என்று கல்லாக்காரர் என்னைக் காட்டினார். ஏகாம்பரத்தின் மனைவி சாதத்தை அப்படியே விட்டுவிட்டார். "பையனுக்கு நல்ல எடமா அமையற வரிக்கும் மீனத் தொட மாட்டேன்னு சாமிக்கு வேண்டிகினாரு. எனக்கே நேத்து ராத்திரிதான் சொன்னாரு." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் இலையிலிருந்த உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள், தனிச் சட்டி பற்றி எனக்கு மெஸ்காரர் சொன்னது வியாழக்கிழமை.

இனிமேல் சொல்வதுதான் விஷயம், நம்பினால் நம்புங்கள். சதுரங்கப்பட்டினத்தில் நிழல் வேண்டுமே என்று ஒத்திகையின்போது நிறுத்தாத ஒரு பூவரச மரத்தடியில் காரை நிறுத்தினேன். அவர்கள் இறங்கிக் கோட்டைப் பக்கம் போனார்கள். காரைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்தலாம் என்று எடுத்தேன், பின்சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. கோடு போட்ட புதுச் சட்டையைக் கழற்றி மடித்து முன்சீட்டில் வைத்துவிட்டு, பனியனோடு குனிந்து கையாலேயே மணலைத் தோண்ட ஆரம்பித்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்தார்கள். "இன்னா நைனா, காரை நட்டு வெச்சி தண்ணி ஊத்தப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே தள்ளினார்கள். சக்கரம் வெளியே வரும்வரை நான் அந்த மரத்தடியை விட்டு ஒரு அடி நகரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சாட்சி. பேர் கேட்கத்தான் கூச்சமாக இருந்தது.

காரை நேராக நிறுத்திவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோட்டை வாசலுக்குப் போனேன். எதிரே ஏகாம்பரம் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நேராக வந்து மணல் ஒட்டியிருந்த என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி" என்றார். அதுவரை அவர் என்னை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. "இத்தினி விசயத்த மனசுல வெச்சிகினு இருக்கறவருக்கு வாங்கன்னு சொல்ல எப்பிடி வாய் வரும்? நான்தான் அவசரப்பட்டுட்டேன். தை மாசமே வெச்சிக்கலாம். நீங்க சொன்னது என்னோட போவட்டும்."

"சரிங்க" என்றேன்.

மாங்காய் அம்மாவிடம் நின்றிருந்த மல்லிகாவிடம் போனேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இவ்ளோ பேச்சு எங்கங்க வெச்சிருந்தீங்க? கோட்டைக்குள்ள அந்த வெள்ளக்காரங்க கல்லறைங்களாண்ட செவுத்துல சாஞ்சிகினு கையை ஆட்டி ஆட்டி நீங்க பேச, அவரு தலையத் தொங்கப் போட்டுகினு கேக்க, நாங்க மூணு பேரும் இங்கேர்ந்து பாத்துகினுதான் இருந்தோம்."

"நான் கார்கிட்ட இருந்தேன்."

"ஆமா, இருந்தீங்க" என்று சொல்லி என் முதுகைத் தட்டிவிட்டாள். "புதுச் சட்டைய செவுத்துல இப்பிடியா தேய்க்கறது?"

கழற்றிப் பார்த்தேன். முதுகு முழுக்கச் சிவப்பாகச் செங்கல் தூள். சீட்டில் மடித்து வைத்திருந்த சட்டை. அந்தக் கறை இன்னும் போகவில்லை, மல்லிகா எல்லாச் சோப்பும் போட்டுப் பார்த்துவிட்டாள்.

தை மாதம் கல்யாணம் நன்றாகவே நடந்தது. மாங்காய் அம்மாவுக்குப் பத்திரிகை வைத்தேன், வந்து ஒரு எவர்சில்வர் குடம் வைத்துவிட்டுப் போனார். கவிதா சந்தோஷமாக இருக்கிறாள். யார் பேசினால் என்ன, வேலை நடந்துவிட்டது என்று இருந்துவிடலாம்தான். ஆனால் ஏகாம்பரம் விடுவதில்லை. எந்த விசேஷத்தில் பார்த்தாலும் என்னை ஓரமாகக் கூட்டிப் போகிறார், யாரும் இல்லையே என்று சுற்றிப் பார்க்கிறார், தோளில் கை வைத்து, "அத நான் யாருகிட்டயும் சொல்லல, என் பொஞ்சாதிகிட்ட கூட" என்கிறார். எனக்கு நல்ல கறியாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொல்கிறார். சில நேரம் தூரத்தில் இருந்து என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். கோட்டையில் நான் என்னதான் சொன்னேன் என்று அவரையே கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது நினைத்துக்கொண்டுதான் போகிறேன், அந்த மீசையைப் பார்த்ததும் வாய் வருவதில்லை.

போன தீபாவளிக்கு வந்திருந்தார். இப்போதெல்லாம் அவர் வாசலில் வந்து நின்றால் நான் "வாங்க" என்று சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டு முடித்ததும் கை கழுவுகிற இடத்தில் மெதுவாக என் காதுக்கிட்டே குனிந்தார்.

"மறந்து போச்சு சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. அது அடுத்த வருசம்னு சொன்னீங்களா, அதுக்கு அடுத்த வருசம்னு சொன்னீங்களா?"

எனக்குக் கை ஈரம் காயவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, "அதுக்கு அடுத்த வருசங்க" என்றேன்.

"அப்பாடா" என்றார் அவர். "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் நாளு கீது."