ஜார்லத்தின் பாட்டு

எங்கள் ஊரில் பள்ளி பஸ் ஓட்டும் டிம்னாவுக்கு வாய் நீளம். அந்த பஸ்ஸில் அவள் போடாத சத்தமில்லை. ஆனால் பாடி யாரும் கேட்டதில்லை. பாடினவன் அவள் புருஷன் ஜார்லத். அயர்லாந்தில் எங்கள் ராஸ்காமன் பக்கம் ஒரு பாட்டு ஒருவனுடையது என்றால் அவனுடையதுதான், மற்றவன் அதைத் தொடமாட்டான். கப்பலேறிப் போன தம்பியைப் பற்றிய பாட்டு ஜார்லத்துடையது. ஜார்லத் செத்து இரண்டு வருஷமாக அதை யாரும் வாயில் எடுக்கவில்லை.

எங்கள் மாதா கோயில் கூரைக்குப் பணம் சேர்க்க, லண்டனிலிருந்து பாட வந்தான் ஃபெர்கல். ஊர்ப் பையன், இப்போது உச்சஸ்தாயியில் பாடும் பேர்பெற்ற டெனர் பாடகன். முந்தின நாள் டிம்னா வீட்டில் டீ குடித்தான், மழையைப் பேசினான், மாட்டு விலையைக்கூடப் பேசினான். ஜார்லத்தின் பாட்டைப் பாட அனுமதிக்குத்தான் வந்தான் என்று அவளுக்குத் தெரியும். கேட்கட்டும் என்று இருந்தாள். கேட்காமலே போய்விட்டான்.

கச்சேரியின் கடைசியில், "இது ஜார்லத்தோட பாட்டு" என்றான். கோயில் முழுக்கத் திரும்பி டிம்னாவைப் பார்த்தது.

"எழுந்து போயிடலாமா?" என்றாள் பக்கத்தில் இருந்த ஜார்லத்தின் தங்கை அட்ராக்டா.

"நான் ஏன் போகணும்? அவன் போகட்டும்."

ஜார்லத்துக்கு எட்டாத சுரமெல்லாம் ஃபெர்கலுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதுதான் டிம்னாவுக்கு வயிற்றெரிச்சல். இதைக் கேட்ட பிறகு ஜார்லத் பாடியது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

கடைசிச் சரணத்தில் அவன் நின்றுவிட்டான். வார்த்தை வரவில்லை. பியானோவும் தடுமாறி நின்றது. வேறு பாட்டென்றால் பத்துப் பேர் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். இதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொடுப்பதானால் அவள்தான் கொடுக்க வேண்டும்.

"பாவம்டி, வேர்த்து ஊத்துது அவனுக்கு," என்றாள் அட்ராக்டா.

"ஊத்தட்டும். டீ குடிக்க மட்டும் வாய் இருந்துச்சில்ல?"

ஆனால் பாதியில் நிற்பது ஜார்லத்தின் பாட்டாயிற்றே. அதை அவளால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வரியைச் சொன்னாள். ஃபெர்கல் அதை வாங்கிப் பாடவில்லை. பின்னால் நகர்ந்து தலைகுனிந்து நின்றான். இனி உட்காரவும் முடியாது. சுருதி எங்கோ போக, அழுதுகொண்டே டிம்னா அந்தச் சரணத்தை முழுக்கப் பாடினாள்.

வெளியே ஃபெர்கல் தயங்கித் தயங்கி வந்தான். "கேட்டிருக்கணும், டிம்னா. பயமா இருந்துச்சு."

"கேட்டிருந்தா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்."

அடுத்த மாதம் அட்ராக்டா மகனின் கல்யாணத்துக்கு ஃபெர்கல் மறுபடி வந்தான். சாப்பாடு முடிந்து ஆளாளுக்குப் பாடும்போது, அந்தக் கப்பல் பாட்டைப் பாடச் சொல்லி மாப்பிள்ளையின் நண்பர்கள் அவனை நச்சரித்தார்கள்.

"ஐயோ, என்னால ஆகாதுப்பா," என்றான் ஃபெர்கல். "அது டிம்னாவோட பாட்டு."