மாடியில் சுழலும் மூன்று கிண்ணங்கள்

பெட்டியைப் பிரித்ததும் கிரேன்காரர் முதலில் கையில் எடுத்தது அந்த மூன்று சிறிய கிண்ணங்களைத்தான். ஒரே அச்சிலிருந்து மூன்று பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் கிண்ணங்கள். வாயைக் குவித்து ஊதினார். சர்ரென்று சுற்றின. நின்றதும் இன்னொரு முறை ஊதினார்.

"பொறந்தநாள் கேக்கா அது? வச்சுட்டு சாப்பிட வாங்க" என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

பெட்டியை அனுப்பியவள் மகள். வேறு ஊரில் குடும்பமும் வேலையுமாக இருக்கிறாள். "அப்பா, எந்நேரமும் ஜன்னல் வழியா வானத்தையே பாத்துட்டிருக்கீங்களாமே? பாக்கறதுதான் பாக்கறீங்க, அளந்தே பாருங்க" என்று போனில் சொல்லிவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ஒரு வானிலைக் கருவியை வாங்கி அனுப்பிவிட்டாள். காற்று, மழை, வெயில், ஈரம் எல்லாவற்றையும் அளக்கும் பாகம் வெளியே இருக்கும். கம்பி எதுவும் இல்லாமல் அது அனுப்பும் கணக்கு, வீட்டுக்குள் மேஜைமேல் இருக்கும் சின்னத் திரையில் தெரியும்.

கிரேன்காரர் உழைத்த காலமெல்லாம் வானத்திலேயே கழிந்தது என்று சொன்னால் அது வெறும் பேச்சில்லை. கட்டடம் கட்டும் இடங்களில் ஒற்றைக்கால் கொக்கு மாதிரி நிற்கும் உயரமான கிரேன்களை ஓட்டியவர் அவர். விடிந்ததும் சாப்பாட்டு டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினால், வேலை முடிந்துதான் இறங்குவார். மேலே ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கண்ணாடி அறை. காலடியிலும் கண்ணாடி. கீழே நிற்கும் சைகைக்காரர் வாக்கி டாக்கியில் "தூக்கு", "நிறுத்து", "வலது", "மெதுவா", "விடு" என்பார். அன்றைய பேச்சு முழுவதும் அந்த ஐந்தாறு வார்த்தைகளுக்குள் முடிந்துவிடும். மிச்ச நேரம் அவரும் காற்றும்தான்.

வீட்டுக்கு வந்தாலும் அதே கணக்கு. கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாகக் கேட்பாள்: "மேல எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான்."

எப்பவும் எப்படி இருக்கும் என்று தெரியாதவளிடம் எப்பவும் போல என்றால் அவளுக்கு என்ன விளங்கும்? சில வருடங்களில் கேட்பதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை என்று தையல் வேலையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மெஷின் சத்தம் வீட்டை நிரப்பியது.

கடைசியில் ஏணி அவருடைய முட்டியைத் தின்றுவிட்டது. வேலையை விட்டார். இருந்ததோ லிப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். அதற்கு மேலே கைக்குட்டை அளவுக்கு வானம். அதைத்தான் அவர் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறத் தெம்பில்லை என்பதால், வந்த கருவியை முதலில் தன் ஜன்னல் கம்பியிலேயே கட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்த மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் சமையலறைப் புகைக்குழாய் இருந்ததால் அடுப்புப் பற்றவைக்கும்போதெல்லாம் ஊரே கொதித்தது. சுவர் மறைத்ததால் காற்று என்பதே உலகத்தில் இல்லை. மறுநாள் பளிச்சென்ற வெயிலில் திரையில் மழை கொட்டியது. மேல் வீட்டுப் பெண் பால்கனியைக் கழுவிவிட்டிருந்தாள்.

"இது மொட்டை மாடியிலதான் இருக்கணும். சுத்தி எதுவும் மறைக்கக் கூடாது" என்றார் கிரேன்காரர். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

மாடிச் சாவி குடியிருப்புச் செயலாளரிடம் இருந்தது. அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மின்னலை இழுக்குமா?"

"இழுக்காதுங்க."

"கேமரா ஏதாவது உள்ள இருக்கா?"

"இல்லங்க. காத்து எவ்வளவு அடிக்குதுன்னு காட்டும், அவ்வளவுதான்."

"அடிக்கும்போதுதான் நமக்கே தெரியுதே! அதுக்கு ஒரு மெஷினா?" என்று கேட்டுக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

அன்றே கிரேன்காரர் படியேறிப் பார்த்தார். முதல் மாடிக்குப் போவதற்குள் முட்டி விண்ணென்று தெறித்தது. ஒரு காலத்தில் மேகத்துக்குப் பக்கத்தில் வேலை செய்தவர், முதல் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இறங்கி வந்து, கருவியைப் பெட்டியில் திரும்ப அடுக்க ஆரம்பித்தார். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்து பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"குடுங்க. நான் போய் மாட்டுறேன்."

"ஸ்பேனர் பிடிக்கணும். உனக்குத் தெரியுமா?"

"இந்தத் தையல் மெஷினை இத்தனை வருஷமா யாரு கழட்டி மாட்டறா? மெக்கானிக்கா வந்தான்?"

கிரேன்காரர் பெட்டியைத் திரும்பத் திறந்தார். மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். பேட்டரியைப் போட்டதும் வெளிப்பாகமும் திரையும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் வரை காத்திருந்தார்கள். மழையளக்கும் புனல் சாயாமல் இருக்கிறதா என்று காட்ட உடம்பில் ஒரு சின்ன நீர்க்குமிழி இருந்தது. அது வட்டத்துக்கு நடுவில் நிற்கவேண்டும். அம்புக்குறி வடக்கைப் பார்க்கவேண்டும். அவள் ஒருமுறை பிரித்து ஒருமுறை பூட்டினாள். அவளுடைய விரல்களுக்கு அது பெரிய விஷயமாகவே இல்லை.

மறுநாள் காலை, காதில் போன் ஒயரைச் சொருகிக்கொண்டு அவள் மேலே போனாள். கிரேன்காரர் முற்றத்தில் நாற்காலி போட்டு அண்ணாந்து உட்கார்ந்தார். திரை மடியில்.

"கம்பத்தைச் சுவரோட சேத்து இறுக்கிட்டேன். இப்ப?"

"கருவியை மேல சொருகு. கொஞ்சம் வலது."

"யாருக்கு வலது? எனக்கா, உங்களுக்கா?"

"உனக்குத்தான்."

"திருப்பிட்டேன்."

"இல்ல, இன்னும் கொஞ்சம். மெதுவா. நிறுத்து. குமிழி எங்க நிக்குது? பாத்தியா? பாத்தியான்னு கேட்டேன்."

"கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன். கண்ணு இருக்குல்ல எனக்கு, நானே பாத்துக்கறேன்."

கிரேன்காரருக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. கண்ணாடி அறையில் உட்கார்ந்து, கீழே நின்று கத்தும் சைகைக்காரர்களிடம் எத்தனையோ தடவை சொல்லத் துடித்து, சொல்லாமல் விழுங்கிய வாக்கியம் அது.

திரையில் எண்கள் மாற ஆரம்பித்தன. காற்று என்ற இடத்தில் பூஜ்யம் போய் ஓர் எண் வந்தது, ஏறியது, இறங்கியது. "வந்துடுச்சு! காத்து வந்துடுச்சு! எறங்கி வா" என்றார்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஹலோ? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல." அவள் குரல் எங்கேயோ இருந்தது. "ரயில் ஒண்ணு போகுது. இங்கேருந்து பாத்தா அது வளையறது முழுசா தெரியுது. கீழ நின்னா பெட்டி பெட்டியாத்தானே போகும்?"

அவள் இறங்கி வர வெகு நேரமானது.

அதற்குப் பிறகு மாடிக்குப் போக அவளுக்குக் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. புனலில் சருகு விழுந்திருக்கும், எடுக்கவேண்டும். சூரிய ஒளித் தகட்டில் காக்கை எச்சமிட்டிருக்கும், துடைக்கவேண்டும். குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். துணி உலர்த்துவதையும் மாடிக்கே மாற்றிக்கொண்டாள். இறங்கி வரும்போது முகத்தில் ஏதோ ஒரு தெளிவு இருக்கும்.

"மேல என்ன?" என்று கேட்பார் கிரேன்காரர்.

"ஒண்ணுமில்லையே" என்றபடி மெஷினில் உட்கார்ந்துவிடுவாள்.

வேண்டுமென்றே சொன்னதல்ல. நூல் கோக்கும் அவசரத்தில் சொன்னதுதான். ஆனாலும் அந்தப் பதிலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவர் யோசித்தார். யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒருநாள் மதியம், சாப்பிட்ட கையோடு வானம் கறுத்தது. "சீருடையெல்லாம் மேல கெடக்கு. நனைஞ்சா நாளைக்குக் குடுக்க முடியாது" என்று அவள் ஓடினாள். கிரேன்காரர் திரைக்கு முன்னால் நகர்ந்தார். காற்றின் எண் ஏற ஆரம்பித்தது. வீட்டுக்குள் காலண்டர் தாள்கூட அசையவில்லை. எண் மட்டும் விறுவிறுவென்று ஏறியது.

பழக்க தோஷத்தில் அவர் அந்தக் கருவியில் ஓர் எல்லை வைத்திருந்தார். எந்த வேகத்துக்கு மேல் கிரேனை நிறுத்தவேண்டுமோ அதே வேகம். அதைத் தாண்டியதும் திரை கீக்கீக்கென்று கத்தியது. அவர் கைகள் தாமாகவே நாற்காலியின் இரு பக்கமும் நெம்புகோலைத் தேடின. அடுத்த நொடியில் உறைத்தது. மேலே இருப்பது தான் இல்லை.

போன் போட்டார். தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே மணி அடித்தது. வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு வெள்ளைச் சட்டை படபடவென்று அடித்துக்கொள்வது மட்டும் தெரிந்தது. கூப்பிட்டார். காற்று குரலை வாயோடு பிடுங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் எதையும் யோசிக்கவில்லை. படியில் கால் வைத்தார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு ஏறினார். முட்டி கெஞ்சியது. முதல் மாடி தாண்டியது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் மடங்கி உட்காரப் போனபோது, மேலேயிருந்து செருப்புச் சத்தம் கேட்டது.

மார்போடு அணைத்த துணி மூட்டையும், பறந்து கலைந்த தலையுமாக அவள் வந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவரைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"ஐயோ, எதுக்கு இங்க வந்தீங்க? முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"பெல் அடிச்சுது" என்றார். படியிலேயே உட்கார்ந்தார். அவளும் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். படிக்கட்டு ஜன்னலில் மழை அறைய ஆரம்பித்தது.

"பயந்துட்டேன்" என்றார் கடைசியில்.

அவள் துணி மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "எனக்கு அந்த பெல் எத்தன வருஷமா அடிச்சுது தெரியுமா?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"முன்னாடி இருந்த வீட்ல சமையக்கட்டு ஜன்னல்ல ஒரு துணி நாடா கட்டியிருந்தேனே, ஞாபகம் இருக்கா? இருக்காது. நீங்க அந்தப் பக்கம் வந்தாத்தானே. அது தொங்கிட்டிருந்தா எனக்கு நல்ல நாள். அது ஆட ஆரம்பிச்சா அடிக்கடி போய்ப் பாப்பேன். நீட்டமா வெறச்சுட்டு நின்னுச்சுன்னா அவ்வளவுதான், கை ஓடாது. காத்தடிச்ச நாள்ல தச்சதெல்லாம் கோணலாப் போய், மறுநாள் பிரிச்சுத் தச்சிருக்கேன்."

கிரேன்காரர் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். "காத்தடிச்சா நாங்க வேலையே செய்ய மாட்டோமே" என்றார் மெதுவாக. "கொக்கியைக் காலியா மேல தூக்கிட்டு, பிரேக்கை விட்டுடுவோம். காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் கிரேனோட கை தானா திரும்பிக்கும். எதிர்த்து நின்னாத்தான் ஆபத்து. முடிஞ்சா எறங்கிடுவோம், இல்லாட்டி சும்மா உக்காந்திருப்போம். அன்னைக்குத்தான் எனக்கு ஓய்வே."

"அத நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். தான் காலை நீட்டி ஓய்வெடுத்த நேரமெல்லாம் இவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்திருக்கும். அது ஒருநாளும் வாயில் வரவில்லை.

"நீ பயப்படுவியேன்னுதான் எதுவும் சொல்லல" என்றார்.

"பயந்துட்டுத்தானே இருந்தேன். அதோட சேத்து மத்ததையும் கேட்டிருப்பேன்ல?"

மழை விடும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடைவெளியில் கிரேன்காரர் ஒரு பனிக்காலக் காலையைப் பற்றிச் சொன்னார். ஏணியில் ஏறி மேலே போனால் கீழே ஊரே இல்லை. ஒரே வெள்ளை. அதற்கு மேலே அங்கங்கே கிரேன் தலைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள். யாருக்கும் யாரையும் தெரியாது. தூரத்துக் கிரேனில் இருந்தவர் கையை ஆட்டினார், இவரும் ஆட்டினார். வெயில் வந்து ஊர் தெரிந்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். சொல்லி முடித்தபின், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

"அவரு யாருன்னு அப்புறமாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டாள் மனைவி.

"தெரியல."

"போய்க் கேட்டிருக்கலாம்ல?"

"என்னன்னு போய்க் கேக்கறது?"

"அதுவும் சரிதான்" என்றாள்.

இறங்குவது ஏறுவதைவிடப் பெரும்பாடாகிவிட்டது. அவள் தோளைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கி, பல நாள் வெந்நீர் ஒத்தடமும் வசவும் சேர்ந்தே கிடைத்தன. இனிமேல் படிப்பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். போனை எடுத்துக்கொள்ளாமல் மேலே போவதில்லை என்று தானும் ஒப்புக்கொண்டாள்.

இப்போதெல்லாம் சாயங்காலம் அவள் மாடிக்குப் போனால், கீழே மேஜையில் போன் திறந்தே கிடக்கிறது. செயலாளர்கூட அவ்வப்போது எட்டிப் பார்த்து, "மழை வருமா? மாடிக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கேன்" என்று விசாரித்துவிட்டுப் போகிறார். கிரேன்காரர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார், "என்ன தெரியுது?"

அவள் சொல்கிறாள்: ரயில், தண்ணீர்த் தொட்டிகள், யாரோ விடும் புறாக்கள், தூரத்தில் வரும் மழையின் சாம்பல் திரை. அவரும் தன் பங்குக்குச் சொல்கிறார். சில நாள் இரண்டு பேருக்கும் சொல்ல எதுவும் இருக்காது. அப்போது காற்றுச் சத்தம் மட்டும் போனில் வரும். யாரும் துண்டிப்பதில்லை.

போன வாரம் அவர் கேட்டார், "ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உசரமா ஒரு நீலக் கண்ணாடிக் கட்டடம் தெரியுதா?"

"தெரியுது."

"அது என் கிரேன் தூக்கினதுதான். அடியிலேருந்து உச்சி வரைக்கும்."

செருப்புச் சத்தம் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் நகர்ந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "கண்ணாடியத்தான் யாரும் துடைக்கறதே இல்ல போல."