டவுசர் இழுத்த கை

தாம்பரத்துலேர்ந்து செங்கல்பட்டு வரைக்கும் எத்தினியோ பேரு அவனோட மல்லுக்கு நின்னாங்க. அவனை ரிங்ல தோக்கடிச்ச ஒரே ஆம்பள நான்தான்.

பீலா. நான் ஒண்ணும் தோக்கடிக்கல. ரெப்ரி மூணு எண்ணினாரு, மணி அடிச்சாங்க, அவ்ளோதான். அது எப்பிடி நடந்திச்சின்னு அவனாண்ட சொல்லத்தான் வந்தேன். வந்தவன் உள்ள போவல. மாடம்பாக்கத்துல அவன் வூட்டு மாடிப்படில குந்திகினு போனாண்ட பேசிகினு கீறேன். எனுக்கு எய்த வராது. படிச்சது மூணாங்கிளாஸு, அதுவும் ரெண்டு வருசம், வாத்தியாருக்கு என்னை அவ்ளோ புட்சிருந்திச்சி. போன்ல பேசினா அதுவே எய்திக்கிது. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தபா வெளிய சொல்லிப் பாத்துக்கிறேன்.

நான் பம்மல்ல தோல் பட்டறையில வார் அறுக்குறவன். அவன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனில மிஷின் ஓட்டிகினு இருந்தான். ஞாயித்திக்கெழம ஆனா ரெண்டு பேரும் மல்லுக்காரனுங்க. டிவில வருமே, கயிறு கட்டின மேடை, பளபளன்னு டவுசரு, மைக்குல தொண்ட கிழிய கத்துற ஆளு, அந்த மாதிரி. எங்களுது கொஞ்சம் ஏழ டிவி. நடத்துனது ஒரு பந்தல்காரரு. கல்யாணத்துக்குப் போட்ற அதே கம்பி, அது மேல பலகை, பலகை மேல ஸ்பாஞ்சு, ஸ்பாஞ்சு மேல தார்ப்பாய். கோயில் திருவிழா, மாதா கோயில் திருவிழா, கடை தொறப்பு, யாரு கூப்ட்டாலும் குட்டியானை வண்டியில ஏத்திகினு பூடுவோம்.

யாரு ஜெயிக்கிறது, யாரு தோக்குறதுன்னு போற வழில டீக்கடையிலயே முடிவாயிடும். நான் எப்பவும் தோக்குறவன். அதுதான் என் உத்தியோகம்.

ஒரு காலனி ஆண்டு விழாவுல ஒரு சாரு வந்து கேட்டாரு. "ஏம்ப்பா, இதெல்லாம் ஆக்டிங்தானே? அடியெல்லாம் படாதில்ல?"

"படாது சார்"னு பல்ல காட்டினேன். முன் பல்லு ரெண்டு இல்ல. மின்ன வாரம் வேற ஒருத்தன் முட்டியில போச்சி. சாரு அப்பிடியே கேசரி வாங்கப் பூட்டாரு.

ஆனா இவனோட ஆடினா பல்லு இல்ல, ஒரு நகம்கூடப் போவாது. என் கைய புட்ச்சான்னா அத்த ஆறு விதமா மடிப்பான், இஸ்திரிக்காரன் வேட்டி மடிக்கிற மாதிரி. கயித்துக்கு வெளிய நிக்கிறவங்களுக்கு என் தோள்பட்ட கழண்டு வர்ற மாதிரி தெரியும். நான் அய்யோ அம்மான்னு அலறுவேன். உள்ளுக்குள்ள இன்னா கதைன்னா, சலூன்ல சொடக்கு எடுத்து வுடுவாங்களே, அந்த சொகம். ஒரு தபா அவன் புடியில அஞ்சு செகண்டு தூங்கியே பூட்டேன். குறட்டை வுட்டேன்னு இன்னிக்கும் சொல்லிக் கலாய்ப்பான்.

"அடிக்கிறவன் இல்லடா மல்லுக்காரன்"ம்பான். "எதிர்ல நிக்கிறவன முழுசா வூட்டுக்கு அனுப்புறவன்தான் மல்லுக்காரன்."

புடியில இருக்கசொல்லோ யாருக்கும் தெரியாம என் கைய ஒரு அமுக்கு அமுக்குவான். நல்லா கீறியான்னு அர்த்தம். நான் திருப்பி ஒரு அமுக்கு. கீறேன் மச்சான். இத்தினி வருசத்துல ஒரு ஆட்டத்துலகூட அவன் கேக்காம வுட்டதில்ல.

இவ்ளோ வேலை தெரிஞ்சவனுக்கு ஜனம் கை தட்டணுமா வாணாமா? தட்டல. ஒருத்தருக்கும் புரியல. விசிலு யாருக்குன்னா, என் டவுசருக்கு. தாம்பரம் பிளாட்பாரத்துல வாங்கின புலிக்கோடு டவுசரு. மொத தபா எலாஸ்டிக் அறுந்து மெய்யாலுமே அவுந்துச்சி. கூட்டம் வுழுந்து வுழுந்து சிரிச்சிது. அடுத்த வாரத்துலேர்ந்து நானே எலாஸ்டிக்க தளர்த்திகினு வர ஆரம்பிச்சேன். ஒரு கையால இஸ்து வுடுவேன், இன்னொரு பக்கம் எறங்கும். ஜனம் குஜாலாயிடும்.

பந்தல்காரரு அவனாண்ட சொல்வாரு. "தம்பி, நீ பண்றது எனக்கே புரிய மாட்டுது. இவனப் பாரு, ஒண்ணும் தெரியாது, டவுசரு மட்டும்தான் தெரியும். பொழச்சிக்கிறான்."

அவன் கோச்சிக்க மாட்டான். "நீ டவுசர நம்புடா, நான் கைய நம்புறேன்"னு சிரிப்பான். இன்னொண்ணும் சொல்வான். "ஒரு நாளு உன்னை ஜெயிக்க வெக்கிறேன் பாரு. யாராண்டயும் சொல்ல மாட்டேன், உன்னாண்டகூட சொல்ல மாட்டேன். நீயே அசந்து பூடுவ." நான் அத்த நம்பினேன். அந்த நம்பிக்கதான் பின்னால பேஜாராச்சி.

போன வருசம் வடக்கேர்ந்து மல்லு நடத்துற ஒரு பெரிய கம்பெனி அவன கூப்ட்டுச்சி. எவனோ போன்ல எடுத்த வீடியோவ பாத்திருக்காங்க. பத்து நாளு வந்து ஆடிக் காட்டு, புட்ச்சிருந்தா வெச்சிக்கிறோம்னு. புது பூட்ஸு வாங்கினான். அவன் அக்கா ஸ்வெட்டரு வாங்கியாந்தாங்க. அங்க போவ இன்னும் ரெண்டு வாரம் கீது, அப்போ வந்துச்சி ஆயுத பூஜ.

அவன் வேலை செய்ற கம்பெனியிலயே ஆட்டம். லாரி நிக்கிற எடத்துல ரிங்கு போட்டோம். மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், வேனுக்கு வாழக்கன்னு, எல்லாரு கையிலயும் பொரி கடல பொட்டலம். அவன் கூட வேலை பாக்குற ஆளுங்க மொத்தமும் முன்னாடி குந்திகினு கீறாங்க. ஆறு வருசமா அவங்களுக்கு அவன் செகண்டு ஷிப்ட்டு, அவ்ளோதான். அவன் ஆடி ஒருத்தரும் பாத்ததில்ல.

டிரெஸ் மாத்தசொல்லோ என் கைய புட்சிகினான்.

"மச்சான், இன்னிக்கி டவுசரு வாணாண்டா."

"இன்னாடா, அம்மணமாவா ஆடுறது?"

"டேய், வெளாடாத. இன்னிக்கி ஒரு நாளு. என் ஆளுங்க என் ஆட்டத்த பாக்கட்டும்."

"எங்கம்மா மேல சத்தியம் மச்சான்"னு சொன்னேன். சணல் கயிறு வாங்கி டவுசர ரெண்டு முடிச்சி போட்டுக் கட்டினேன், அவன் எதிருக்கவே.

பேசி வெச்சது இதுதான். நான் அவன தூக்கிப் போட்டு மேல படுக்கணும். மூணு எண்ணிட்டா கீழ கீறவன் தோத்தான், அதனால ரெப்ரி ரெண்டு எண்ணசொல்லோ அவன் என்னை உதறிட்டு எழுந்து, என் கைய மடக்கி, நான் தரையத் தட்டித் தோக்கணும்.

மொத அஞ்சு நிமிசம் அவன் ஆடினான் பாருங்க. நானே ஆட்டத்த மறந்துட்டு வேடிக்க பாத்தேன். பொரி தின்றத நிறுத்திட்டானுங்க. ஒரு வயசான சூப்பர்வைசரு எழுந்து நின்னு, "நம்ம பையனாய்யா இவன்?"னு பக்கத்து ஆளக் கேட்டாரு. அவன் காதுல அது வுழுந்திச்சி. அவன் மூஞ்சி மாறினத நான் பாத்தேன். இத்தினி வருசத்துல அப்பிடி ஒரு மூஞ்சி நான் பாத்ததில்ல.

என்னை ஒருத்தனும் பாக்கல. அது எனுக்கு இன்னாவோ மாதிரி இருந்திச்சி. இத்த சொல்ல வெக்கமா கீது, ஆனா அதான் நெசம்.

அப்ப அவன தூக்கினேன். தூக்குறதுல ஒரு மொற கீது. ஒரு கை தொட நடுவுல, இன்னொரு கை அவன் தோள்ல. தோள்ல கீற கைதான் உசிரு. முதுகு மொத்தமும் ஒண்ணா தரையில படுற மாதிரி அதுதான் எறக்கும். இத்த எனுக்கு கத்துக் குடுத்ததே அவன்தான். அவன் தலைகீழா என் நெஞ்சு மேல கீறான். கூட்டத்துல எவனோ ஒருத்தன் கத்தினான்.

"டேய் காமெடி! டவுசரு இன்னாடா ஆச்சி?"

கெக்கேன்னு ஒரு சிரிப்பு. எனுக்கு கை துறுதுறுன்னுச்சி. அவுக்கலங்க. முடிச்சி போட்டது போட்ட மாதிரியேதான் இருந்திச்சி. சொம்மா ஒரே ஒரு இழுப்பு, டவுசர இஸ்து வுடுற மாதிரி ஒரு பாவ்லா. அதுக்கு ஒரு கை வோணுமே? தோள்ல இருந்த கைய எடுத்தேன்.

அவன் கழுத்து மொதல்ல எறங்குச்சி.

சத்தம் பெருசா வரல. ஜனம் சிரிச்சிகினு இருந்திச்சி, டவுசருக்கு. நான் பேசி வெச்ச மாதிரி மேல படுத்தேன். அவன் கைய அமுக்கினேன். திருப்பி அமுக்கல. ரெப்ரி ஒண்ணுன்னாரு. ரெண்டுன்னாரு. எழுந்துக்கடான்னேன். எழுந்துக்கல. மூணுன்னாரு. மணி அடிச்சிட்டாங்க.

நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? சொன்னானே, ஒரு நாளு ஜெயிக்க வெக்கிறேன்னு. அட பாவி, அவன் ஆளுங்க எதிர்லயே எனுக்காக தோத்துட்டானேன்னு நெனச்சேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சி. எழுந்து டான்ஸ் ஆடினேன். அவன் தல மாட்டுல, இந்த இடுப்ப ஆட்டிகினு, ரெண்டு கையையும் தூக்கிகினு ஆடினேன். விசிலு பறக்குது. ரெப்ரி அவன் பக்கத்துல குனிஞ்சாரு. அப்பறம் ரெண்டு கையையும் தலைக்கு மேல பெருக்கல் குறி மாதிரி வெச்சாரு. மெய்யாலுமே அடின்னாதான் அந்த சைக. அத்த பாத்துகினேவும் நான் இன்னும் ரெண்டு ஆட்டு ஆடினேன். கால் ஆட்டத்த நிறுத்த மாட்டேன்னுச்சி.

வாழக்கன்னு கட்டின வேன்லயே ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போனோம். போற வழியெல்லாம் சாமந்திப் பூ அவன் மேல உதுந்துகினே இருந்திச்சி. தட்டி வுடலாம்னு கைய கொண்டு போனேன். தொட பயமா இருந்திச்சி.

இப்ப நடக்குறான், சொவத்த புட்சிகினு. கைதான் வரல. டம்ளரு நிக்காது, சட்ட பொத்தான் வராது. அந்தக் கைங்க. நான் தெனம் பட்டறை வுட்டதும் பஸ்ஸு புட்ச்சி, ஷேர் ஆட்டோ மாறி வந்துடுறேன். டாக்டரு ஒரு ஸ்பாஞ்சு பந்து குடுத்து அமுக்கச் சொன்னாரு. பந்துல அவனுக்கு சலிப்பாயிடும். அப்ப என் ரெண்டு வெரல அவன் உள்ளங்கையில வெச்சி, "அமுக்குடா"ம்பேன். அவன் மூஞ்சி செவக்கும், கழுத்து நரம்பு பொடைக்கும். என் வெரலுக்கு ஒண்ணும் தெரியாது. "சூப்பரு மச்சான், வலிக்கிது"ம்பேன். வலிக்காதத வலிக்குதுன்னு அலறுறதுதானே என் தொழிலு.

"போடா டுபாக்கூரு"ம்பான்.

அவன் அக்கா எனுக்குன்னு தனியா தோச ஊத்தி வெப்பாங்க. "தம்பி, நீ மட்டும் இல்லன்னா இவன் என்ன ஆயிருப்பான்னு நெனச்சே பாக்க முடியல"ன்னு சொல்வாங்க. நான் அந்த தோசைய முழுங்குறேன். நாலு, அஞ்சு. சொரணை கெட்ட வயிறு.

இதுல கொடும இன்னான்னா, அவன் தன் தப்புன்னு நெனச்சிகினு கீறான். யாரு வந்து கேட்டாலும் அதே பேச்சி. "தாடைய நெஞ்சோட ஒட்டியிருக்கணும். லேட்டு பண்ணிட்டேன். மொத நாளு கத்துகினது, அதுல கோட்ட வுட்டேன்." அவன் ஆளுங்க வீடியோ அனுப்புனாங்க. வாணாம்னுட்டான். "என் தப்ப நானே குந்திகினு பாக்கணுமாடா?"ன்னான். நான் பாத்தேன். நாப்பது அம்பது தபா பாத்திருப்பேன். அவன் தாட நெஞ்சோட ஒட்டிகினுதான் கீது. மேல என் கை தோள வுட்டு டவுசருக்குப் போவறது மொற தெரிஞ்ச எனுக்கு பளிச்சின்னு தெரியுது, மத்தவங்களுக்கு அது வெறும் டவுசரு காமெடி.

இதுவரைக்கும் சொல்லல. சொன்னா இந்த வூட்டு வாசப்படி எனுக்கு இல்ல. அவன் இல்லாம எனுக்கு ஞாயித்திக்கெழமயும் இல்ல, மத்த கெழமயும் இல்ல. அதனால வாய மூடிகினு இருந்தேன். ஊர்ல எல்லாரும் என்னை வாயாடின்றாங்க.

முந்தாநேத்து பந்தல்காரரு ஆப்பிள் வாங்கிகினு வந்தாரு. "தம்பி, புதுசா பசங்க சேந்திருக்கானுங்க. நீ ஆட வாணாம். சேர்ல உக்காந்துகினு வாயால சொல்லிக் குடு. எப்டி வுழணும்னு மட்டும் சொல்லிக் குடு, போதும்"னாரு.

அவன் வாணாம்னு தலைய ஆட்டினான். "ஆசயாத்தாண்ணா கீது. ஆனா வுழத் தெரியாதவன் இன்னாத்த கத்துக் குடுக்குறது? என்னைப் பாத்து வுழுந்தானுங்கன்னா அவனுங்களுக்கும் இதே கதிதான். வேற ஆள பாருங்க."

நான் பக்கத்துல ஆப்பிள் அறுத்துகினு இருந்தேன். அவருக்கு ஒரு துண்டு குடுத்தேன், அவனுக்கு ஒரு துண்டு ஊட்டினேன், நான் ரெண்டு துண்டு தின்னேன். நேத்து முழுக்க பட்டறைல வார் கோணலா அறுத்தேன். மொதலாளி திட்டினாரு.

அவனுக்கு வுழத் தெரியும். இந்த ஜில்லாவுலயே அவன மாதிரி வுழத் தெரிஞ்சவன் இல்ல. அத்த அவனாண்ட சொல்ல ஒருத்தனாலதான் முடியும். அந்த ஒருத்தன் மாடிப்படில குந்திகினு கொசு அடிச்சிகினு கீறான்.

இப்பிடி சொல்லலாம்னு கீறேன். மச்சான், அன்னிக்கி நீ சரியாத்தான் வுழுந்தே. உன் தாட ஒட்டிகினுதான் இருந்திச்சி. என் கைதான் தோள்ல இல்ல. எங்க இருந்திச்சின்னா, டவு...

அந்த எடத்துல சிரிச்சிடுவேனோன்னு பயமா கீது. இருங்க, மறுபடியும் மொதல்லேர்ந்து. மச்சான், அன்னிக்கி நீ...

"டேய்! படில யாராண்டடா தனியா பேசிகினு கீற? பந்து கட்டிலுக்கு அடியில பூட்ச்சி. வா, வந்து கைய வை."

கூப்புடுறான்.

தோ வந்துட்டேன்டா.